எழுதிய துபாஷியும் எழுதாத இளவரசனும்

1739 பிப்ரவரி 14 அன்று காரைக்கால் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்தது. கொடுப்பதாகச் சொன்னவர் தஞ்சை மராட்டிய அரசர் சாகுஜி. அந்தப் பேச்சு நடந்தது 1738-ல், அரியணையை இழந்து அவர் சிதம்பரத்தில் ஒதுங்கியிருந்த வேளையில். உதவிக்குக் கைம்மாறாகக் காரைக்காலும் கருக்களாச்சேரிக் கோட்டையும் சில கிராமங்களும், விலை 40,000 சக்கரம் என்று புதுச்சேரி கவர்னர் துய்மாவோடு உடன்பாடானது. அரியணை திரும்பக் கிடைத்ததும் சாகுஜிக்கு மனம் மாறிவிட்டது. இழுத்தடித்தார். பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற சந்தா சாகிப்பின் படை வந்து இடத்தைப் பிடித்து அவர்களிடம் ஒப்படைத்தபின் தொகையும் கூடியது, கிராமக் கணக்கும் கூடியது. 1760-ல் ஆங்கிலேயர் வந்து பிடிக்கும் வேளையில் காரைக்காலைச் சுற்றி 81 கிராமங்கள் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன.

சாகுஜி கதை அதோடு முடியவில்லை. 1739-லேயே அவரை இறக்கிவிட்டுப் பிரதாப சிங் அரசரானார். பத்தாண்டு கழித்து, 1749-ல், சாகுஜி ஆங்கிலேயரிடம் போய் நின்றார். இம்முறை பேரப்பொருள் கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிகோட்டை. ஆங்கிலேயர் தேவிகோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், பிரதாப சிங்கோடு சமாதானமானார்கள், சாகுஜியைக் கைவிட்டார்கள். ஒரே மனிதர் கடற்கரையின் இரண்டு துண்டுகளை இரண்டு கும்பினிகளுக்கு வழிகாட்டிவிட்டு அரியணை இல்லாமல் போனார்.

இந்த மனிதருக்கு ஒரு நாவல் எழுதப்பட வேண்டும். அவரே நாள்தோறும் எழுதிய குறிப்பாக அது அமைந்தால்? அரண்மனைப் பிள்ளையின் நாட்குறிப்பு என்ற வடிவில் வரலாற்றுப் புனைவு எழுதுவது வெளியுலகில் நன்றாக வேரூன்றிய வழக்கம். அமெரிக்காவின் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம் ‘ராயல் டைரீஸ்’ என்ற வரிசையை 1999 முதல் 2005 வரை நடத்தியது. கிளியோபாத்ரா, முதலாம் எலிசபெத், மரி அந்துவானெத், அங்கோலாவின் நிசிங்கா, ஹவாயின் கயுலானி என்று ஒவ்வொரு நூலிலும் ஒரு சிறுமி தன் நாட்களைத் தானே எழுதுகிறாள். பிரெஞ்சில் கலிமார் பதிப்பகம் ‘மோன் இஸ்த்வார்’ என்ற வரிசையில் இதே வகை நூல்களை வெளியிட்டது. பிரெஞ்சு படிக்கிற குடும்பங்கள் இன்னும் உள்ள காரைக்காலில் இந்த வடிவம் அந்நியமாகத் தோன்றாது. தமிழில்தான் இது அமையவில்லை. கல்கி முதல் சாண்டில்யன் வரை நம் சரித்திரக் கதைகளில் இளவரசர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களைப் பற்றி வேறொருவர் சொல்கிறார், நாம் கேட்கிறோம். நாட்குறிப்பு வடிவம் தமிழ் நாவலுக்குப் புதிதும் அல்ல, நகுலனின் ‘நவீனன் டைரி’ இருக்கிறது. அரண்மனைக்குள் மட்டும் அது நுழையவில்லை.

இந்த வகை நூல்களை எப்படிப் படிப்பது என்பதே இங்கே என் கேள்வி. ‘ராயல் டைரீஸ்’ வரிசையில் இந்தியாவுக்குரிய நூல் கேத்ரின் லாஸ்கி எழுதி 2002-ல் வந்த ஜஹானாரா. தலைப்பிலேயே 1627 என்று ஆண்டு இருக்கிறது. ஜஹாங்கீர் இறந்த ஆண்டு அது; 1614-ல் பிறந்த ஜஹானாராவுக்கு வயது பதின்மூன்று. அடுத்த ஆண்டு தந்தை ஷாஜஹான் அரியணை ஏறினார். ஆட்சி கைமாறும் நேரத்தில் அரண்மனைக்குள் இருக்கும் ஒரு சிறுமியின் கண் என்பது நாவலாசிரியருக்கு அருமையான இடம். நூலின் கடைசியில் பின்கதை, வரலாற்றுக் குறிப்பு, வம்சாவளி எல்லாம் தருவது இந்த வரிசையின் வழக்கம். புனைவு எங்கே முடிகிறது, சான்று எங்கே தொடங்குகிறது என்று அங்கேயாவது கோடு கிழிக்கப்படுகிறது. படிக்கிற பிள்ளை அந்தப் பக்கங்கள் வரை போகிறதா என்பது வேறு விஷயம்.

கோடு கிழிக்காத நூல்களும் உண்டு. 1931-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்ட்ரியா புட்டென்ஷோன் ஜஹானாராவின் தன்வரலாறு என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். இளவரசி எழுதி ஆக்ரா கோட்டையில் மறைத்துவைத்த ஏடு கிடைத்ததாக அதன் அமைப்பு. அதை அசல் ஆவணமாக நம்பியவர்கள் பலர். உண்மையில் ஜஹானாரா எழுதி நமக்குக் கிடைத்திருப்பவை சூஃபி நூல்கள். அஜ்மீர் முயினுத்தீன் சிஷ்தியின் வரலாறு ஒன்று, தன் குருவைப் பற்றியும் தன் ஆன்மிகத் தேட்டத்தைப் பற்றியும் ஒன்று. மனத்துக்குள் நடந்ததை எழுதியிருக்கிறார், ஆனால் குருவின் முன்னால் நின்று எழுதியிருக்கிறார். நாவலாசிரியர்கள் அவருக்குக் கொடுக்க விரும்பும் கண்ணீரும் காதலும் தனியறை ரகசியமும் அங்கே இல்லை.

இந்த வடிவத்தின் பெரிய பொய் என்று எனக்குத் தோன்றுவது இந்தத் தனிமைதான். தேதிப் பிழையும் உடைப் பிழையும் திருத்தக்கூடியவை. அரண்மனைக் குழந்தைக்குப் பூட்டிவைத்த நோட்டுப் புத்தகம் உண்டு, அதில் மனத்தைக் கொட்டலாம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற அடிப்படை எண்ணமே நவீன நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையின் படுக்கையறையிலிருந்து வந்தது. உண்மையில் எழுதிய அரச பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும். இங்கிலாந்தின் விக்டோரியா 1832-ல், பதின்மூன்று வயதில், நாட்குறிப்பு தொடங்கினார். கொடுத்தவர் தாய். எழுதியதைப் படித்துப் பார்த்தவரும் தாய்தான். 1837-ல் அரசியாகும் வரை அந்த எழுத்து வயதில் மூத்த ஒருவரின் பார்வைக்கென்றே எழுதப்பட்டது. பிறகு விக்டோரியா சாகும்வரை எழுதியவற்றைக் கடைசி மகள் பியாட்ரிஸ் வேண்டியதை மட்டும் படியெடுத்துவிட்டு மூலங்களை எரித்தார். தொடக்கத்தில் தாயின் தணிக்கை, முடிவில் மகளின் தணிக்கை.

இன்னொருவர் பதினாறாம் லூயி. 1766-ல், பதினோரு வயதில் குறிப்பெழுதத் தொடங்கியவர். காரைக்காலுக்கும் அவர்தான் பின்னாளில் அரசர். அவருடைய குறிப்பு பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. பாஸ்டீல் சிறை தகர்ந்த 1789 ஜூலை 14 அன்று அவர் எழுதியது, அன்று ஒன்றுமில்லை என்று. இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. அன்று வேட்டை இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்தை ஒரு நாவலாசிரியர் எழுத நேர்ந்திருந்தால் அப்படி விட்டிருப்பாரா? தூரத்தில் புகை தெரிந்திருக்கும், வேலைக்காரன் முகம் வெளிறியிருக்கும், அரசருக்கு இனம்புரியாத கலக்கம் வந்திருக்கும். வரப்போவது தெரிந்த எழுத்தாளர் வரப்போவது தெரியாத மனிதரின் கையைப் பிடித்து எழுதவைக்கும் இடம் இது. அங்கேதான் நான் நாவலை மூடிவைத்துவிட்டு யோசிப்பேன். அரச நாட்குறிப்பில் அரசியலே இல்லாத பக்கங்கள் எத்தனை, கோழிக்குழம்பும் காய்ச்சலும் குதிரைக்கு லாடமும் மட்டும் உள்ள பக்கங்கள் எத்தனை என்று பார்ப்பேன். அவை அறவே இல்லாவிட்டால் அந்தக் குழந்தை எழுதவில்லை, குழந்தையின் வரலாற்றைப் படித்து முடித்த ஒருவர் எழுதுகிறார்.

சரி, நம் கடற்கரையில் நாட்குறிப்பு எழுதியவர் யார்? அரசர்கள் எழுதவில்லை. அரசர்களோடும் கவர்னர்களோடும் வரவுசெலவு வைத்திருந்த துபாஷிகள், அதாவது மொழிபெயர்ப்புத் தரகர்கள், எழுதினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். 1736 செப்டம்பர் 6-ல் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம்வரை அவருடைய தினப்படி சேதிக் குறிப்பு நீள்கிறது, இடையிடையே விடுபட்ட நாட்களோடும் மாதங்களோடும். காரைக்கால் கைமாறியபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அப்போது பெரிய துபாஷி கனகராய முதலியார்தான். பிள்ளையின் குறிப்பு ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழில் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதிகள் 2019-ல் வந்தன. தமிழில் எழுதியதைத் தமிழர் முழுதாகப் படிக்க இத்தனை காலம் பிடித்தது என்பதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

பிள்ளையின் எழுத்தில் அரசர்கள் எப்படி வருகிறார்கள்? வந்த காகிதம், போன ஆள், போட்ட பீரங்கி, கொடுத்த சால்வை, வர வேண்டிய பாக்கி என்று வருகிறார்கள். ராஜாவின் மனசு என்ன சொன்னது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டவும் இல்லை. ஆனால் ராஜாவின் கையில் காசு இல்லை என்பது தெரியும். கவர்னர் துய்ப்ளேயின் மனைவி மேல் தனக்குள்ள எரிச்சலை மறைக்காத மனிதர், கண்ணால் காணாத தஞ்சை அரண்மனையைப் பற்றிக் கதை கட்டவில்லை. அவருக்குப் பின்னும் புதுச்சேரியில் இந்த வழக்கம் தொடர்ந்தது. வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரை போகிறது. பாரிஸில் புரட்சி நடந்த செய்தி புதுச்சேரி வந்து இறங்கியபோது என்னென்ன நடந்தது என்பதை அதில் காணலாம். லூயி எழுதாமல் விட்டதன் மறுபாதியை வங்கக் கடற்கரையில் ஒரு நாயக்கர் எழுதிவைத்திருக்கிறார்.

கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே கதை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் குலத்தவர். கண்ணுசாமி என்ற பெயரோடு இருந்த பிள்ளை, 1798-ல் பதினெட்டு வயதில் அரியணையில் அமர்த்தப்பட்டார். 1816 தொடக்கத்தில் ஆங்கிலேயர் அவரைக் கப்பலில் ஏற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். அந்தப் பயணத்துக்கு நாட்குறிப்பு இருக்கிறது. எழுதியவர் கூடப்போன அதிகாரி வில்லியம் கிரான்வில். அரசர் என்ன சாப்பிட்டார், எப்போது கோபப்பட்டார் என்பதெல்லாம் காவலுக்குப் போனவர் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது.

இந்தப் பின்புலத்தில் பிரபஞ்சன் செய்ததைப் பார்க்க வேண்டும். ‘மானுடம் வெல்லும்’, சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகிய இரண்டு நாவல்களும் ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பை ஆதாரமாகக் கொண்டவை. அவர் கையில் அசல் நாட்குறிப்பே இருந்தது. பிள்ளையின் குரலில் ஒரு பொய் நாட்குறிப்பு எழுதுவது எளிது, விற்பனைக்கும் நல்லது. அவர் அதைச் செய்யவில்லை. படர்க்கையில் எழுதினார். காரணம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. தாசிகளும் சிப்பாய்களும் உழவர்களும் அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் அங்கே வருகிறார்கள். துபாஷியின் குறிப்பில் அவர்கள் ஒரு வரியாக வந்துபோகிறவர்கள். 1743-ல் புதுச்சேரியில் பிள்ளைபிடித்து அடிமையாகக் கப்பலேற்றிய விவகாரம் அம்பலமானதைப் பிள்ளை எழுதியிருக்கிறார். பிடிபட்ட பிள்ளைகளில் எவரும் எதையும் எழுதவில்லை. தன்மை என்பது கதவைத் திறப்பதோடு மற்ற கதவுகளை அடைத்தும் விடுகிறது. பிரபஞ்சனுக்கு அது தெரிந்திருந்தது. என் கணிப்பில் அவருடைய மிகச் சரியான முடிவு அதுதான். சாகுஜிக்கு நாட்குறிப்பு எழுதுகிறவர், அவர் விற்ற கிராமங்களின் குடியானவர்களை எந்தப் பக்கத்தில் உள்ளே விடுவார்?

தமிழில் இந்த வடிவம் இல்லை என்று மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம் வேண்டும். நாட்குறிப்பு இல்லைதான். ஆனால் அரச இளையோர் தன்மையில் பேசுவது தமிழில் பிறகு வந்த சரித்திரக் கதைகளைவிட மிகப் பழையது. புறநானூற்றின் 72-ஆம் பாடல் பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் பாடியதாக வைக்கப்பட்டிருக்கிறது. இவன் சிறுவன் என்று எதிரிகள் ஏளனம் செய்ததற்குப் போருக்கு முன் சினந்து சொல்லும் வஞ்சினம். தோற்றால் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். அந்தப் போர் நடந்த தலையாலங்கானம் இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடு. காரைக்காலுக்கு மேற்கே, இதே காவிரிக் கழிமுகத்தில். இடைக்குன்றூர் கிழார் பாட்டில் (77) அதே அரசன் ஐம்படைத் தாலியைக்கூட இன்னும் கழற்றாத பிள்ளை. கிழார் பார்த்துச் சொல்வது தாலி. அவன் தன்னைப் பற்றிச் சொல்வதில் அது இல்லை. பிள்ளைக்குத் தான் பிள்ளை என்பது கண்ணில் படுமா? இந்த இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், நாட்குறிப்புப் புனைவுகளில் சிறுமிகள் தங்கள் இளமையைத் தாங்களே வர்ணிப்பது எவ்வளவு செயற்கை என்பது விளங்கும்.

புறநானூற்றின் 112-ஆம் பாட்டு பாரி மகளிருடையது. போன முழுநிலாவன்று தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த நிலாவில் இரண்டும் இல்லை. நாட்குறிப்பின் இரண்டு பதிவுகளை எடுத்து இடையிலுள்ள மாதத்தை அறுத்து எறிந்தால் இதுதான் கிடைக்கும். முற்றுகை எப்படி நடந்தது, யார் துரோகம் செய்தார்கள் என்பதெல்லாம் அந்த இடைவெளிக்குள் போய்விட்டது.

இவற்றை எழுதியவர் உண்மையில் அந்தப் பிள்ளைகள்தானா? பாட்டின் அடியில் உள்ள குறிப்பு அப்படிச் சொல்கிறது. குறிப்பு எழுதியவர் தொகுத்தவராக இருக்கலாம். 2001-ல் ஹெர்மன் டீக்கன் என்ற டச்சு அறிஞர் சங்கப் பாடல்களே பல நூற்றாண்டுகள் கழித்துப் பழங்காலத்தவர் குரலில் புனையப்பட்டவை என்று வாதிட்டார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு பேச்சுக்கு ஏற்றாலும் பாரி மகளிர் பாட்டு ஓர் எழுத்துக்கூடக் குறைவுபடாது. புனைவு என்று தெரிந்தால் புட்டென்ஷோன் நூலில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எனக்கு இது நல்ல உரைகல்லாகப் படுகிறது.

காரைக்காலுக்கே இதில் சொந்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் ஊர் கொண்டாடுவது சேக்கிழார் சொன்ன காரைக்கால் அம்மையார் கதையை. தனதத்தன் மகள், பரமதத்தன் மனைவி, இரண்டு மாங்கனி, கணவன் பார்க்க இறைவன் தந்த இன்னொரு கனி. அம்மையார் தாமே பாடியவற்றில் மாங்கனி இல்லை, கணவர் இல்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்கிறார். சுடுகாட்டையும் ஆடும் இறைவனையும் பாடுகிறார். வாழ்ந்தவர் எழுதாமல் விட்ட வீட்டுக் கதையைப் பல நூற்றாண்டு கழித்து 12-ஆம் நூற்றாண்டில் இன்னொருவர் எழுதினார். அவர் அதை அம்மையார் வாயில் வைக்காமல் தம் குரலிலேயே சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். சோழர் காலப் புலவருக்கு அரச குழந்தையைப் பாடவும் தனி வடிவம் இருந்தது. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் குழந்தை தவழ்கிறது, கைகொட்டுகிறது, பேசுவதெல்லாம் புலவர்.

இனி, கழிமுகத்தில் யாராவது அரச நாட்குறிப்பு எழுதுவதானால் சாகுஜியை விடவும் பொருத்தமான பிள்ளை ஒருவர் இருக்கிறார். 1777-ல் பிறந்த சரபோஜி. 1787-ல் துளஜா அரசர் சாகுமுன் தத்தெடுத்த, பத்து வயதும் நிறையாத பையன். ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸைக் காப்பாளராக இருக்கும்படி துளஜா கேட்டுக்கொண்டார். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, துளஜாவின் தம்பி அமர் சிங் அரசரானார். பையனை வெளிச்சம் புகாத இடத்தில் அடைத்து, படிப்பும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று ஷ்வார்ட்ஸ் சென்னை அரசுக்கு முறையிட்டார். 1793-ல் பையன் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். 1798 பிப்ரவரியில் ஷ்வார்ட்ஸ் இறந்தார். சில மாதம் கழித்து ஜூனில் சரபோஜி அரியணை ஏறினார்.

பூட்டிய அறை, இருட்டு, தீய சித்தப்பா, நல்ல பாதிரியார். ‘ராயல் டைரீஸ்’ ஆசிரியர் யாரும் விடமாட்டார். இங்கேதான் வாசகர் விழித்திருக்க வேண்டும். அந்த அறையைப் பற்றி நமக்குத் தெரிவது பாதிரியாரின் கடிதங்கள் வழியாக. அவர் பையனுக்கு வேண்டியவர், அமர் சிங்குக்கு வேண்டாதவர். அதை அப்படியே சிறுவனின் கையெழுத்தாக்கினால் ஒரு தரப்பு மனு குழந்தையின் சாட்சியமாக வேடமிட்டு வந்துவிடும். அடுத்தது மொழி. வீட்டில் மராத்தி, அரண்மனைக் கணக்கில் மோடி எழுத்து, வேலைக்காரர்களிடமும் தெருவிலும் தமிழ், சடங்கில் சமஸ்கிருதம், பாதிரியாரிடம் ஆங்கிலம். அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு வரிசையில், கார்லைல் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்ட லகோட்டா சிறுமியின் நாட்குறிப்பாக 1999-ல் ஆன் ரினால்டி எழுதிய நூலைப் பழங்குடி விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். பிள்ளையின் மொழியையும் முடியையும் பறித்த பள்ளியில், அந்தப் பள்ளி திணித்த மொழியிலேயே அவள் மனம் திறந்து எழுதுவாளா என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. சரபோஜி விஷயத்தில் நிலைமை வேறு. அவர் ஆங்கிலத்தை விரும்பிக் கற்றவர், ஷ்வார்ட்ஸின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் செய்யுள் எழுதியவர். ஆனாலும் பத்து வயதில், இருட்டில், எந்த மொழியில்?

நாவலாசிரியருக்குத் துணை இல்லாமல் இல்லை. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தின் மோடி ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989-ல் மூன்று தொகுதிகளாகத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. சமையல் சாமான், வைத்தியர் கூலி, யானைத் தீனி, தாசிகளின் சம்பளம், கோயிலுக்குப் போன நெய் என்று அரண்மனை மூச்சுவிடுவது அங்கே கேட்கும். நல்ல நாட்குறிப்பு நாவல் அந்தக் கணக்குகளின் மேல் நின்று எழும்பும் என்பது என் எண்ணம். அந்தப் பக்கங்களில் காரைக்கால் வரவும் வேண்டியதில்லை. 1787-ல் காரைக்கால் மறுபடியும் பிரெஞ்சுக்காரரிடம்தான் இருந்தது. அரசலாறு கடலில் கலக்கும் இடம் தன் குலத்தார் விற்ற மண் என்று ஒன்பது வயதுப் பையனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அந்த நூலை எங்கே முடிப்பது என்பதில்தான் ஆசிரியர் உண்மையில் பிடிபடுவார். அமெரிக்க வரிசை பெரும்பாலும் பேரிடருக்கு முன்பே நாட்குறிப்பை நிறுத்திவிட்டு மிச்சத்தைப் பின்கதைக்குத் தள்ளும். சரபோஜிக்கு அப்படி நிறுத்தினால் 1798 ஜூனில், முடிசூட்டு நாளில், மாலையும் மேளமுமாக முடிக்கலாம். பதினாறு மாதம் கழித்து 1799 அக்டோபர் 25-ல் இருபத்திரண்டு வயது அரசர் ஆட்சி முழுவதையும் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அன்றைய பக்கத்தைப் பின்கதைக்குத் தள்ளாமல், அரசர் கையாலேயே, வராகன் கணக்கோடு மட்டும் எழுதிவிட்டு அடுத்த நாளுக்குப் போகத் துணிகிற ஆசிரியரின் புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்குவேன்.